அலுமினியப் பிளாஸ்மாவின் எக்ஸ்கதிர் நிறமாலை ஒத்துவராதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சூடான, அடர்ந்த பிளாஸ்மாவுக்குள் எந்த அளவுகோலையும் நுழைக்க முடியாது. சில மைக்ரான் தடிமனுள்ள அலுமினியத் தகட்டின் மீது லேசர் துடிப்பைக் குவித்தால் உருவாகும் பிளாஸ்மா 500 எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஏறத்தாழ 58 லட்சம் கெல்வின் வெப்பநிலையை எட்டலாம். எலக்ட்ரான் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10²¹ முதல் 10²³-க்கு மேல் வரை செல்லலாம். ஆயுளோ பிக்கோ விநாடிகளில் தொடங்கிச் சில நானோ விநாடிகளில் முடிந்துவிடும். அது உமிழும் எக்ஸ்கதிர் ஒன்றே நமக்குக் கிடைக்கும் சாட்சி. அந்தச் சாட்சி பிறழ்ந்து பேசும்போது, பேசியது அணுவா கருவியா என்று பிரித்தறிவதற்கே இந்த வழிமுறை.

அறிகுறி எதுவானாலும் விசாரணை கண்டறிவானில் தொடங்கி, வடிகட்டி, படிகம், பிளாஸ்மாவின் பருமன், அது ஒளிர்ந்த கால அளவு எனப் பின்னோக்கி நடந்து, கடைசியில்தான் அணுவிடம் வந்து சேர வேண்டும். புதிதாக ஆய்வுக்கு வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வரி அகலமாக இருந்தால் உடனே அடர்த்தியைக் கணக்கிட உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முதலில் கையில் இருக்க வேண்டிய எண்கள்

குளிர்ந்த அலுமினியத்தின் கே-ஆல்ஃபா வரி 1487 எலக்ட்ரான் வோல்ட்டிலும், அதன் கே-விளிம்பு, அதாவது அணுவின் உட்கூடான கே-கூட்டிலிருந்து எலக்ட்ரானை அகற்றத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 1560-லும் உள்ளன. இரண்டே எலக்ட்ரான்கள் எஞ்சிய ஹீலியம் வகை அயனியின் வலுவான ஒத்ததிர்வு வரியான ஹீலியம்-ஆல்ஃபா 1598-லும், அதன் அருகில், எலக்ட்ரானின் தற்சுழற்சி மாறும் தாவலால் வரும் இடைச்சேர்க்கை வரி 1588-லும், மூன்று எலக்ட்ரான்கள் எஞ்சிய லித்தியம் வகை அயனியின் துணை வரிக்கூட்டம் 1575-ஐ ஒட்டியும் தோன்றும். ஒற்றை எலக்ட்ரான் எஞ்சிய ஹைட்ரஜன் வகை அயனியின் லைமன்-ஆல்ஃபா 1728-ஐ ஒட்டியும், ஹீலியம்-பீட்டா 1869-லும், லைமன்-பீட்டா 2048-லும் அமையும். ஆல்ஃபா என்பது இரண்டாம் மட்டத்திலிருந்தும், பீட்டா மூன்றாம் மட்டத்திலிருந்தும் எலக்ட்ரான் முதல் மட்டத்துக்கு இறங்கும்போது வருவது. இந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் பென்டாஎரித்ரிட்டால் படிகத்தைப் பயன்படுத்துவார்கள். ஆய்வகங்களில் அதை பி.ஈ.டி. என்றே சொல்வது வழக்கம். அதன் தள இடைவெளியின் இருமடங்கு 8.742 ஆங்ஸ்ட்ராம். ஆகவே, ஒவ்வோர் அலைநீளமும் படிகத்தில் அதற்குரிய கோணத்தில் மட்டுமே எதிரொளிக்கும் என்னும் பிராக் விதிப்படி, ஹீலியம்-ஆல்ஃபா 62.5 பாகையிலும், ஹீலியம்-பீட்டா 49.4 பாகையிலும் எதிரொளிக்கும். கீழே வரும் பெரும்பாலான பிழைகள், இந்த எண்களில் ஏதோ ஒன்றோடு வேறு ஏதோ ஒன்று தற்செயலாக நெருங்கி நிற்பதால் நேர்பவை.

தட்டில் வரியே இல்லை, சீரான கருமை மட்டும் தெரிகிறது

ஒளிக்கசிவை முதலில் சந்தேகிக்கவும். எக்ஸ்கதிர்ப் பதிவைச் சேமித்துவைக்கும் பாஸ்பர் தட்டான இமேஜ் பிளேட்டும், மின்னணு ஒளியுணரியான சி.சி.டி.யும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியால் கெடுபவை. முன்னதில் பதிந்த குறிகையை ஒளி அழித்துவிடும், பின்னதை நிரப்பிவிடும். கண்டறிவானுக்கு முன்னுள்ள பெரிலியம் அல்லது அலுமினியம் பூசிய பாலிமர் படலத்தை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால் ஊசித்துளைகள் தெரிந்துவிடும். முந்தைய ஷாட்டில், அதாவது லேசரை முன்பு சுட்டபோது, சிதறிய இலக்குத் துகள்களே அந்தத் துளைகளுக்குப் பெரும்பாலும் காரணம். ஆகவே துகள்களைத் தடுக்கும் மெல்லிய தியாகப் படலம் ஒன்றை முன்னால் வைத்து, அதை அடிக்கடி மாற்றுவது நல்லது.

படலம் சரியாக இருந்தால், தட்டு வாசிக்கப்பட்ட நேரத்தைக் கவனிக்கவும். இமேஜ் பிளேட்டில் பதிந்த குறிகை தானாகவே மங்கும். முதல் சில பத்து நிமிடங்களில் அந்த மங்கல் வேகமாக நடக்கும். வெற்றிடக் கலத்தைத் திறக்க ஒரு நாள் 20 நிமிடமும் மறுநாள் ஒன்றரை மணி நேரமும் ஆகியிருந்தால், அவ்விரு நாள் செறிவுகளை ஒப்பிடுவது வீண். ஷாட்டுக்கும் வாசிப்புக்கும் இடையே ஒரே இடைவெளியைக் கடைப்பிடிக்கவும், அந்த இடைவெளியைக் குறிப்பேட்டில் எழுதவும் வேண்டும். மென்மையான எக்ஸ்கதிருக்கு ஏற்ற, பாதுகாப்புப் படலம் இல்லாத தட்டு வகையை உணர்பரப்பு படிகத்தை நோக்கும்படி வைத்தீர்களா என்பதையும் பார்க்கவும். சொல்லவே கூச்சமாக இருக்கும் இந்தப் பிழையை நான் ஒருமுறைக்கு மேல் செய்திருக்கிறேன்.

வரிகள் உண்டு, ஆனால் அடித்தளம் உயர்ந்து நிற்கிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு; மூன்றும் தட்டில் ஒரே முகத்தோடு வருகின்றன. முதலாவது, லேசர் முடுக்கிய அதிவேக எலக்ட்ரான்கள் பொருளில் மோதி எழுப்பும் கடின எக்ஸ்கதிர். இது படிகத்தில் எதிரொளிக்காமல் நேர்கோட்டில் ஊடுருவி வரும். இலக்குக்கும் கண்டறிவானுக்கும் இடையிலுள்ள நேர்ப்பாதையை ஈயத்தாலோ டங்ஸ்டனாலோ அடைக்க வேண்டும். இரண்டாவது, அந்த எலக்ட்ரான்களே நேரடியாக வந்து படிவது. நுழைவாயிலில் ஒரு காந்தத்தை வைத்தால் அவை விலகிவிடும்.

மூன்றாவது சற்று நுட்பமானது: படிகமே ஒளிர்வது. குவார்ட்ஸ் அல்லது சிலிக்கான் படிகத்தின் மீது 1839 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட கதிர் விழுந்தால், அதிலுள்ள சிலிக்கான் அணுக்கள் 1740-ல் தம் சொந்தக் கதிரை எல்லாத் திசைகளிலும் உமிழும். இது லைமன்-ஆல்ஃபாவுக்கு மிக அருகில் இருப்பதால், லைமன்-ஆல்ஃபாவை வைத்துக்கொண்டு இதை மட்டும் நீக்கும் வடிகட்டி எதுவும் கிடையாது. படிகத்தைப் பிராக் கோணத்திலிருந்து விலக்கி ஒரு ஷாட் எடுங்கள்: வரிகள் மறைந்து அடித்தளம் அப்படியே நின்றால் குற்றவாளி ஒளிர்தலோ கடின கதிரோதான். அப்போது கரிமப் படிகமான பி.ஈ.டி.க்கு மாறிப் பார்க்கலாம். அதிலுள்ள கார்பன், ஆக்சிஜன் அணுக்களின் ஒளிர்கதிர் மென்மையானது, வடிகட்டியிலேயே நின்றுவிடும்.

அடித்தளத்தை அலட்சியமாகக் கழிப்பதன் விலைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது அடர்த்தி குறைந்த அயனிப் பொறியில் நடந்தது என்றாலும் பாடம் இங்கும் பொருந்தும். பதினாறு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு அயனிக்கு 826, 812 எலக்ட்ரான் வோல்ட்டில் இரு வரிகள் உள்ளன. அவற்றின் வலிமை விகிதம் கோட்பாடு சொன்னதைவிடக் குறைவு என்று 2012-ல் அமெரிக்காவின் எஸ்.எல்.ஏ.சி. ஆய்வகத்து எக்ஸ்கதிர் லேசரில் அளக்கப்பட்டது. கிடைத்த மதிப்பு 2.61. ஜெர்மனியின் பெட்ரா-3 ஒளிமூலத்தில் 2020-ல் 3.09 கிடைத்தது. பகுதிறனும் குறிகையின் தெளிவும் வெகுவாக உயர்ந்த பிறகு, 2022-ல் அங்கேயே 3.51 கிடைத்தது, கோட்பாட்டோடு பொருந்தியது. வரியின் இரு பக்கமும் அடித்தளத்துக்குள் நீண்டு கிடந்த மெல்லிய விளிம்புகள் முன்பு கணக்கில் விடுபட்டிருந்தன.

அடையாளம் தெரியாத வரி ஒன்று நிற்கிறது, அல்லது வரிகள் இடம் மாறியுள்ளன

இலக்கைத் தாங்கும் காம்பு கண்ணாடியா என்று பாருங்கள். கண்ணாடியிலுள்ள சிலிக்கானின் ஹீலியம்-ஆல்ஃபா 1865 எலக்ட்ரான் வோல்ட்டில் வரும்; அலுமினியத்தின் ஹீலியம்-பீட்டா 1869-ல் இருக்கிறது. லேசரின் ஓரம் காம்பைத் தொட்டால், அடர்த்தியை அளக்க நாம் நம்பியிருக்கும் வரியின் தோளில் சிலிக்கான் வந்து உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பவர் அதை ஸ்டார்க் அகலம் (அண்டை மின்னூட்டங்களின் மின்புலத்தால் வரி விரிவது) என்றோ வரி நகர்வு என்றோ படித்துவிடுவார். அதேபோல், வெப்பநிலையை அளக்க மக்னீசியத்தைக் கலந்தால் அதன் ஹீலியம்-பீட்டா 1579-ல் வந்து, அலுமினியத் துணை வரிகளோடு கலந்துவிடும். அந்தத் துணை வரிகளையே ஹீலியம் வகை அயனியின் தடை வரி (மிக அரிதாக நிகழும் தாவலின் வரி) என்று பெயரிடுவது இன்னொரு பிழை. தடை வரி 1575-ஐ ஒட்டியதுதான். ஆனால் அடர்ந்த பிளாஸ்மாவில் மோதல்கள் அந்த நிலையை ஒளிரும் முன்பே காலி செய்துவிடும். ஆகவே அங்கே தெரிவது, கேப்ரியல் 1972-ல் எழுத்துகளால் பெயரிட்ட ஜே, கே, எல் துணை வரிகள்தான்.

இரண்டாம் வரிசை எதிரொளிப்பையும் மறக்கக் கூடாது. 3197 எலக்ட்ரான் வோல்ட் கதிர், ஹீலியம்-ஆல்ஃபா நிற்கும் அதே கோணத்தில் இரண்டாம் வரிசையில் எதிரொளிக்கும். இதற்கு எளிய சோதனை உண்டு: கண்டறிவானின் பாதியை 10 மைக்ரான் அலுமினியத் தகட்டால் மூடுங்கள். 1598-ல் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட அதைக் கடக்காது; 3200-ல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கடந்து வரும். மூடிய பாதியிலும் வரி தெரிந்தால் அது இரண்டாம் வரிசை.

எல்லா வரிகளும் சேர்ந்து நகர்ந்திருந்தால் காரணம் வடிவமைப்பில் இருக்கிறது. பி.ஈ.டி. வெப்பத்துக்கு நன்றாக விரிவடையும் படிகம். ஆய்வறையின் வெப்பநிலை மாறினாலே தள இடைவெளி மாறும். ஆகையால் ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு நிலைக்குறி வேண்டும். கண்டறிவானின் ஒரு கீற்றை மட்டும் மறைக்கும் மெல்லிய அலுமினியப் படலத்தின் 1560 விளிம்பே அதற்குப் போதும். பிளாஸ்மா நம்மை நோக்கி விநாடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் விரிந்தால் 1598 வரி 2.7 எலக்ட்ரான் வோல்ட் மேலே நகரும் என்பதையும், அடர்த்தியால் வரும் நகர்வைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே கழித்துவிட வேண்டும்.

குளிர்ந்த கே-ஆல்ஃபா வலுவாக, சூடான வரிகள் மெலிவாக வந்திருக்கின்றன

இலக்கு சூடாகவில்லை என்ற முடிவுக்கு உடனே தாவ வேண்டாம். ஒளித்தடுப்புக்கு வைத்த படலம் அலுமினியமா? 1 மைக்ரான் அலுமினியம், கே-விளிம்புக்குக் கீழே நிற்கும் 1487 வரியில் பத்தில் ஒன்பது பங்கை விட்டுவிடும். விளிம்புக்கு மேலே நிற்கும் 1598 வரியில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சிய அளவைத்தான் விடும். ஒரு தனிமத்தின் கே-விளிம்பைச் சற்றே தாண்டிய கதிரை அதன் அணுக்களே வலுவாக உறிஞ்சும் என்பதால், அலுமினியத்தை ஆராய அலுமினிய வடிகட்டி தவறான துணை. கண்டறிவானுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சி.சி.டி.யின் சிலிக்கானுக்கு 1839-ல் விளிம்பு இருக்கிறது. அது லைமன்-ஆல்ஃபாவையும் ஹீலியம்-பீட்டாவையும் இரு பக்கங்களாகப் பிரிக்கிறது. இமேஜ் பிளேட்டின் பாஸ்பரிலுள்ள புரோமினுக்கு 1550-லும் 1596-லும் எல்-விளிம்புகள் உள்ளன. உணர்திறனை வழவழப்பான ஒரே வளைவாக எடுத்துக்கொள்வது ஆபத்து.

இவையெல்லாம் சரிபார்த்த பின்னும் கே-ஆல்ஃபா வலுவாக இருந்தால், அது உண்மைச் செய்தி: லேசர் விழுந்த இடத்துக்கு அப்பால், குளிர்ந்த பகுதிக்குள் அதிவேக எலக்ட்ரான்களோ கடின கதிரோ சென்று கே-கூட்டிலிருந்து எலக்ட்ரானை அகற்றியிருக்கின்றன. 1487-க்கும் 1598-க்கும் நடுவே படிக்கட்டாக வரிகள் தெரிந்தால், கே-கூட்டுக்கு அடுத்த எல்-கூட்டின் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இழந்த அயனிகள் அங்கே இருக்கின்றன. அந்தப் படிக்கட்டுக்குச் சொந்தமாகவே நிறைய அறிவியல் உண்டு.

எல்லா வரிகளும் எதிர்பார்த்ததைவிட அகலம்

இங்குதான் நேரத்தைச் செலவிட வேண்டும். அடர்த்தி பற்றிய பெரும்பாலான தவறான முடிவுகள் இங்குதான் பிறக்கின்றன. ஸ்டார்க் அகலம் ஏறத்தாழ அடர்த்தியின் மூன்றில் இரண்டு அடுக்காக வளர்கிறது. ஆகவே கருவியின் அகலத்தைக் கழிக்காமல் வரி இருமடங்கு அகலம் என்று வாசித்தால், அடர்த்தி 2.8 மடங்கு மிகையாகிவிடும்.

முதற்சோதனை, ஒளிர்வுப் புள்ளியின் அளவு. தட்டையான படிகத்தில், மூலத்தின் வெவ்வேறு விளிம்புகளிலிருந்து வரும் கதிர்கள் சற்றே வெவ்வேறு கோணத்தில் ஒரே இடத்தில் விழும். மூலம் 100 மைக்ரான், மொத்தப் பாதை 200 மில்லிமீட்டர் என்றால் கோணப் பரவல் அரை மில்லிரேடியன். பி.ஈ.டி.யில் இது ஹீலியம்-ஆல்ஃபாவை 0.4 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே அகலமாக்கும். தள இடைவெளியின் இருமடங்கு 25.75 ஆங்ஸ்ட்ராம் உள்ள தாலியம் அமில தாலேட் படிகத்தில், அதே வரி 17.5 பாகை என்னும் சாய்ந்த கோணத்தில் விழுவதால், அதே மூலம் 2.5 எலக்ட்ரான் வோல்ட் அகலத்தைக் கொடுக்கும். படிகத்தை மாற்றிய மறுநாள் அடர்த்தி கூடிவிட்டதாகத் தோன்றினால் காரணம் அணுவில் இல்லை. தகட்டை ஓரத்திலிருந்து பார்ப்பது, பாதையை நீட்டுவது, மூலத்தின் அளவு பாதிக்காத, வளைந்த படிகமுள்ள யோஹான் அமைப்புக்கு மாறுவது ஆகிய மூன்றும் தீர்வுகளே. ஒவ்வொன்றும் ஒளிச்செறிவில் விலை கேட்கும்.

இரண்டாவது, அயனிகளின் அசைவால் வரும் டாப்ளர் அகலம். 500 எலக்ட்ரான் வோல்ட் அயனி வெப்பநிலையில் ஹீலியம்-பீட்டாவின் வெப்ப டாப்ளர் அகலம் 0.6 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. பெரும்பாலும் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தகட்டின் இரு பக்கங்களும் எதிரெதிர்த் திசைகளில் விரியும்போது ஏற்படும் பெருவேக அகலம்தான் கவனத்துக்குரியது.

மூன்றாவது, தன்னுறிஞ்சல். உச்சியில் உறிஞ்சப்பட்டு ஓரங்கள் மட்டும் தப்பி வரும் வரி, தட்டையாகி அகலமாகத் தெரியும். இந்த ஐயம் இருக்கும்போது ஹீலியம்-ஆல்ஃபாவை அடர்த்திக்குப் பயன்படுத்தவே கூடாது. ஹீலியம்-பீட்டாவின் உறிஞ்சும் வலு அதைப்போல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான், ஸ்டார்க் அகலமோ அதைவிட அதிகம். அடர்த்தி அளப்போர் அதை நாடுவதன் காரணம் இதுவே. கருவி, மூலம், டாப்ளர், தன்னுறிஞ்சல் ஆகிய நான்கையும் கணக்கிட்டுக் கழித்த பின் எஞ்சும் அகலமே அடர்த்திக்கு உரியது.

வலுவான வரி மெலிந்திருக்கிறது, அல்லது அதன் நடுவே பள்ளம் விழுந்திருக்கிறது

லைமன்-ஆல்ஃபா உண்மையில் 1.3 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியுள்ள இரட்டை வரி. பிளாஸ்மா தன் கதிரை உறிஞ்சாதபோது இரண்டின் வலிமை 2:1 என்ற அளவை ஒட்டியிருக்கும். உறிஞ்சத் தொடங்கினால் அது 1:1 நோக்கிச் சரியும். பகுதிறன் போதுமானால் தன்னுறிஞ்சலுக்கு இதைவிட நேரான சோதனை இல்லை. போதாதென்றால், அலுமினிய அடுக்கின் தடிமனைப் பாதியாக்கி மீண்டும் எடுங்கள். வரி விகிதங்கள் மாறாமல் இருந்தால் உறிஞ்சல் இல்லை. அலுமினியத்தைச் சில ஆயிரம் ஆங்ஸ்ட்ராம் அடுக்காகவோ சிறு புள்ளியாகவோ பிளாஸ்டிக்கின் நடுவே புதைப்பது உறிஞ்சலைக் குறைப்பதோடு, விரிவையும் தடுத்து அடர்த்தியைச் சீராக வைத்திருக்கும். உறிஞ்சலைக் கவனிக்காமல் ஹீலியம்-ஆல்ஃபாவையும் இடைச்சேர்க்கை வரியையும் ஒப்பிட்டால், மெலிந்த ஹீலியம்-ஆல்ஃபாவால் அடர்த்தி உண்மையைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

பள்ளத்துக்கு இரண்டு பொருள் உண்டு. லைமன்-பீட்டாவின் ஸ்டார்க் அமைப்பில் நகராத நடுக்கூறு இல்லாததால், அதில் இயல்பாகவே பள்ளம் விழலாம். அயனிகளின் அசைவு அதை ஓரளவு நிரப்பும். வெளியே குளிர்ந்து விரியும் பிளாஸ்மா உறிஞ்சினாலும் பள்ளம் விழும். பின்னது, உறிஞ்சும் படலம் நம்மை நோக்கி வருவதால், உயர் ஆற்றல் பக்கம் சாய்ந்திருக்கும். பார்க்கும் கோணத்தை மாற்றினால் மாறும். முன்னது மாறாது.

இரண்டு விகிதங்கள் இரண்டு வெப்பநிலையைச் சொல்கின்றன

லைமன்-பீட்டாவுக்கும் ஹீலியம்-பீட்டாவுக்கும் உள்ள விகிதம் ஒரு வெப்பநிலையையும், ஜே, கே, எல் துணை வரிகளுக்கும் ஹீலியம்-ஆல்ஃபாவுக்கும் உள்ள விகிதம் அதைவிடக் குறைந்த வெப்பநிலையையும் தந்தால் அது பிழையாகவே இருக்க வேண்டியதில்லை. ஒற்றை எலக்ட்ரான் அயனி சூடான நொடியிலும் சூடான இடத்திலும் ஒளிர்ந்தது. லித்தியம் வகை அயனி, பிளாஸ்மா ஏறும்போதும் ஆறும்போதும் ஓரங்களிலும் ஒளிர்ந்தது. கால அளவைப் பிரிக்காத கண்டறிவான் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிவிட்டது. பிக்கோ விநாடி அளவில் பிரிக்கும் ஸ்ட்ரீக் கேமரா கிடைத்தால் இந்த முரண் பெரும்பாலும் கரைந்துவிடும். கிடைக்காவிட்டால், இரு மதிப்புகளின் சராசரியை வெளியிடுவதைவிட இரண்டையும் வெளியிடுவதே நேர்மை.

சமநிலை பற்றிய எடுகோளால் வரும் முரண் வேறு. திண்ம அடர்த்தி என்றவுடன், சமநிலையில் பொருந்தும் போல்ட்ஸ்மன், சாஹா சமன்பாடுகள் செல்லும் என்று நம்புவது பலருக்கும் இயல்பு. சமநிலைக்குத் தேவையான குறைந்தபட்ச எலக்ட்ரான் அடர்த்தியைச் சொல்லும் மெக்விர்ட்டர் நிபந்தனையை எழுதிப் பாருங்கள்: தேவையான அடர்த்தி, வெப்பநிலையின் வர்க்கமூலத்தையும் ஆற்றல் இடைவெளியின் மும்மடியையும் பொறுத்து வளர்கிறது. 500 எலக்ட்ரான் வோல்ட் வெப்பநிலையில், 1598 இடைவெளிக்கு அது கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.6 × 10²⁵ எலக்ட்ரான்கள் என்று வருகிறது. பதினோரு எலக்ட்ரான்களை இழந்த திண்ம அலுமினியத்தில்கூட 6.6 × 10²³ தான் உண்டு. இருபது மடங்குக்கும் மேற்பட்ட குறை. ஆகவே ஒவ்வொரு நிலைக்கும் வரவு செலவு எழுதும் மோதல்-கதிர்வீச்சுக் கணிப்பு தேவை. ஃப்ளைசெக் போன்ற நிரல்கள் முதல் மதிப்பீட்டுக்கு உதவும்.

இன்னொரு சுயாதீனச் சோதனையாக, ஹைட்ரஜன் வகை அயனியின் 2304 எலக்ட்ரான் வோல்ட் விளிம்புக்கு மேலுள்ள தொடர் நிறமாலையின் சரிவைப் பாருங்கள். செறிவின் மடக்கையை ஆற்றலுக்கு எதிராக வரைந்தால் சரிவு வெப்பநிலையைத் தரும். அந்தக் கோடு உயர் ஆற்றலில் வளைந்து தட்டையானால், அதிவேக எலக்ட்ரான்கள் கலந்திருக்கின்றன.

உயர் வரிகளைக் காணவில்லை

அடர்ந்த பிளாஸ்மாவில் இது எதிர்பார்த்ததே. எந்த வரி வரை காணவில்லை என்பதுதான் கேள்வி. இங்லிஸ்-டெல்லர் என்னும் 1939-ன் வாய்பாட்டின்படி, ஹைட்ரஜன் வகை அலுமினியத்தில் 6-ஆம் மட்டம் வரை வரிகள் பிரிந்து தெரிந்தால் எலக்ட்ரான் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 × 10²², 5 வரை என்றால் 1.1 × 10²³, 4 வரை என்றால் 5.7 × 10²³. படிகள் பெரியவை; எனவே இது பருமட்டான அளவுகோல் மட்டுமே. வரி காணாமல் போனதா, அல்லது இரைச்சலில் மூழ்கியதா, கண்டறிவானின் ஓரத்துக்கு வெளியே விழுந்ததா என்பதை முதலில் தீர்க்கவும்.

உண்மையாகவே மறைந்திருந்தால் இரு காரணங்கள் கலந்திருக்கும்: அகலமான வரிகள் ஒன்றோடொன்று கலப்பது ஒன்று, அண்டை அயனிகளின் நெருக்கடியால் அந்த நிலையே கட்டவிழ்ந்துபோவது மற்றொன்று. திண்ம அலுமினியத்தில் ஓர் அயனிக்குக் கிடைக்கும் கோளத்தின் ஆரம் 1.58 ஆங்ஸ்ட்ராம், ஹீலியம் வகை அயனியின் 6-ஆம் சுற்றுப்பாதையும் ஏறத்தாழ அவ்வளவே. அதற்கு வெகு முன்பே நிலைகள் குலையத் தொடங்கிவிடும்.

எவ்வளவு முன்பே என்பதில் வல்லுநர்களே மோதிக்கொண்டார்கள். எஸ்.எல்.ஏ.சி.யில் 1 மைக்ரான் அலுமினியத் தகட்டை எக்ஸ்கதிர் லேசரால் சூடாக்கி, லேசரின் ஆற்றலை 1560 முதல் 1830 வரை படிப்படியாக மாற்றி, எந்த ஆற்றலில் எந்த அயனியின் கே-ஆல்ஃபா விழிக்கிறது என்று பார்த்தார்கள். 2012-ல் வெளியான அந்த முடிவுகள், அண்டை அயனிகளின் நெருக்கடி அயனியாக்க ஆற்றலை எவ்வளவு தாழ்த்தும் என்று கணிக்கப் பரவலாகப் பயன்பட்ட 1966-ன் ஸ்டூவர்ட்-பயட் மாதிரியைவிட, திருத்திய எக்கர்-குரோல் மாதிரிக்கு நெருங்கின. மறு ஆண்டே இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டனில் உள்ள ஓரியன் லேசரில், 500 முதல் 700 எலக்ட்ரான் வோல்ட் வரை சூடான, கன சென்டிமீட்டருக்கு 1 முதல் 10 கிராம் வரை அடர்ந்த அலுமினியத்தில் ஹீலியம்-பீட்டா எங்கே மறைகிறது என்று பார்த்தபோது, முடிவு ஸ்டூவர்ட்-பயட் பக்கம் சாய்ந்தது. இரு சோதனைகளின் வெப்பநிலையும் வேறு, அளந்த பொருளும் வேறு. ஆகவே உங்கள் கணிப்பில் அயனியாக்க ஆற்றல் தாழ்வுக்கு எந்த மாதிரி இயல்பாக வைக்கப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்த்து, மற்றதை இட்டும் ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டுக்கும் இடையே உங்கள் அடர்த்தி எவ்வளவு மாறுகிறதோ, அதுவே உங்கள் குறைந்தபட்ச நிச்சயமின்மை.

எல்லாம் சரிபார்த்தாயிற்று, கணிப்பு இன்னும் பொருந்தவில்லை

அப்போது அணுவைக் கேள்வி கேட்கும் உரிமை வருகிறது. அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்து இசட் இயந்திரத்தில் நடந்த இரும்பு அளவீட்டைப் பார்க்கலாம். சூரியனின் உட்பகுதி நிலையை ஒத்த 19 முதல் 23 லட்சம் கெல்வின் வரையிலான வெப்பநிலையில், இரும்பு கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று அங்கே அளந்தார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, அலைநீளத்துக்கு ஏற்பத் தடுப்பு கணிப்பைவிட 30 முதல் 400 சதவீதம் வரை அதிகமாக இருந்தது. வெப்பநிலையையும் அடர்த்தியையும் இரும்பிலிருந்தே எடுக்கவில்லை. அதோடு கலந்த மக்னீசியத்தின் கே-கூட்டு வரிகளிலிருந்து எடுத்தார்கள். சந்தேகத்துக்குரிய அணுவை அதன் வழக்குக்கே சாட்சியாக்காத அந்த ஏற்பாட்டைச் சிறு சோதனைகளிலும் பின்பற்றலாம்.

பிறகு அவர்கள் இரும்பைத் திரும்பத் திரும்ப அளப்பதோடு நிற்காமல், அதே அமைப்பில், தனிம வரிசையில் அதன் இரு பக்கமும் அருகிலுள்ள குரோமியத்தையும் நிக்கலையும் வைத்து அளந்தார்கள். கருவியிலோ முறையிலோ பொதுவான பிழை இருந்திருந்தால் மூன்றிலும் அது தெரிந்திருக்க வேண்டும். 2019-ல் வந்த விடை: குறுகிய அலைநீளத் தொடர் பகுதியில் கணிப்பு 30 முதல் 45 சதவீதம் குறைவாகச் சொல்வது இரும்பில் மட்டும், அதுவும் 180 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் மட்டும்தான் காணப்பட்டது. புதிர் தீரவில்லை, ஆனால் அதன் முகவரி சுருங்கியது.

அலுமினியத்தில் முரண் விடாமல் நின்றால், அதே தடிமன், அதே பிளாஸ்டிக் உறை, அதே படிகத்தோடு சிலிக்கானை வைத்து ஒரு வரிசை ஷாட் எடுங்கள். மக்னீசியத்தைத் தேர்ந்தால் அதன் ஹீலியம்-ஆல்ஃபா 9.17 ஆங்ஸ்ட்ராமில் வருவதால் பி.ஈ.டி.யில் எந்தக் கோணத்திலும் எதிரொளிக்காது. தள இடைவெளி பெரிய படிகம் வேண்டியிருக்கும், அப்போது மேலே சொன்ன மூல அகலக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.